யார் பைக்குக் காவல்?

ப்ளீச்சிங் பவுடர் வாசனையைத் திருப்பூர்ப் பக்கத்து ஆளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் விட்டாலும் மூக்கின் உச்சியில் ஒரு சுருக், தொண்டையில் ஒரு காரல், அது போதும், எந்த மாதிரிப் பட்டறைப் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லிவிடுவான். ஆனால் கோவைக்கு அந்தப் பக்கம் ஒரு தண்ணீர்ப் பூங்காவில், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில், முன்பின் தெரியாத ஜனத்துக்கு நடுவே அலைக்குளத்தில் முழங்கால் நனைய நின்றபோது அந்த வாசனை வந்து முகத்தில் அடிக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அங்கே நான் ஒத்தை ஆளாய்ப் போய் நின்றதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. லீவுக்குப் பேத்தி வருகிறாள் என்று எல்லோருக்கும் சேர்த்து செல்போனிலேயே டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன், கிளம்ப வேண்டிய வாரத்தில் அவளுக்கு அம்மை போட்டுவிட்டது, பிள்ளை வேப்பிலையில் படுத்திருக்கும்போது மகளும் மருமகனும் எங்கே வருவது, கட்டின பணம் திரும்பாது, தேதியும் மாற்ற முடியாது என்று போனில் ஒரு பெண் குரல் மிகுந்த மரியாதையோடு சொல்லிவிட்டது. வீட்டுக்காரி மகள் வீட்டுக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால், "ஏனுங்க, கட்டுன காசு கட்டுனதுதான், நீங்களாச்சும் போயி நனைஞ்சுட்டு வாங்க" என்று கட்டுச்சோறு கட்டி வைத்துவிட்டுப் போனாள். திருமுருகன்பூண்டிக்காரனுக்கு வழிப்பறி ஒன்றும் புதிதில்லை, சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னோடு சுந்தரர் இந்த வழியாக வந்தபோது சிவனே தன் பூதகணங்களை வேடர்களாக அனுப்பிப் பறித்துக்கொண்ட ஊர் எங்களூர், இந்தத் திருட்டு ஊரில் உமக்கு என்ன வேலை என்கிற தொனியில் அவர் பாடிய பதிகம் தேவாரத்தில் இருக்கிறது, மாசித் திருவிழாவில் வேடுபறி என்று அதை இன்றைக்கும் நடத்துகிறோம், என்ன, பறித்ததைச் சாமி திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வாசலிலேயே கட்டுச்சோற்றை வாங்கி ஒரு டோக்கன் கொடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்கள், வெளிச்சாப்பாடு உள்ளே போகக் கூடாது. அதைத் தாண்டி உடைமாற்றும் இடத்துக்கு வந்தால் இன்னொரு பலகை, பருத்தி ஆடையோடு தண்ணீரில் இறங்க அனுமதி இல்லை. காரணம் நியாயமானதுதான், பருத்தியிலிருந்து நூலும் பிசிறும் உதிர்ந்து வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும், நைலான் பாலியெஸ்டர் என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் வாழ்நாளில் பெரும்பகுதியை பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிள் முன்னால் நின்றே கழித்த என்னைப் பார்த்து, போட்டிருக்கும் பனியனைக் கழற்றிவிட்டு வாடகைக்கு ஒரு வழுவழுப்பான நீலச் சட்டை வாங்கிக்கொள் என்று ஒரு சின்னப் பையன் சொன்னபோது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. வாங்கியவுடன் கை தன்னால் அடிமடிப்பைத் திருப்பிப் பார்த்தது, பிளாட்லாக் தையல், ஒரு இடத்தில் தையல் எகிறி நூல் நீண்டு நின்றது, விரலிடையில் தேய்த்துப் பார்த்தால் துணி எடைக்கு வாங்கிய மட்டம், செக்கிங் டேபிளில் இருக்கும் எந்தப் பெண்ணும் இதைத் தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே மாட்டிக்கொண்டு போனேன்.

நீச்சல் குளத்தில் நாம் முகர்வது சுத்தத்தின் வாசனை என்றுதான் பலபேர் எண்ணம். குளோரின் தன் வேலையைச் செய்து முடித்தபின் மிஞ்சுகிற வாசனை அது, ஜனங்களின் வேர்வையோடும், சொல்லவே வேண்டாம், சிறுநீரோடும் குளோரின் கலந்து குளோரமைன் என்று வேறொரு பொருளாகிறது, அதுதான் மூக்கை அறுக்கிறது, கண்ணைச் சிவக்க வைக்கிறது, ஆக எவ்வளவுக்கெவ்வளவு நெடி தூக்கலாக இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு அந்தத் தண்ணீரில் கூட்டம் இறங்கியிருக்கிறது என்று கணக்கு. இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது, எங்கள் அப்புச்சிக்கு இதில் ஒரு வார்த்தையும் தெரியாது, அவருக்குத் தெரிந்ததெல்லாம் பவுடர் ஏறிவிட்டதா இல்லையா என்று குனிந்து ஒரு மூச்சு இழுத்துச் சொல்வதுதான்.

அம்மாவைப் பெற்ற அப்புச்சி திருப்பூரில் சலவைப் பட்டறையில் வேலை செய்தார். சாயப் பட்டறைகள் பெருகுவதற்கு முந்தைய காலம், திருப்பூர் பனியன் என்றால் வெள்ளை பனியன்தான், மெஷினிலிருந்து இறங்கும் பழுப்புத் துணியைச் சோடாவில் வேகவைத்து, சிமென்டுத் தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, ஆசிட் தண்ணீரில் அலசி, கடைசியில் நீலம் போட்டுக் காயப்போட்டால்தான் அந்த வெள்ளை வரும். தொட்டிக்குள் இறங்கி மிதிக்கிற வேலை அப்புச்சிக்கு, கோவணத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, துணிப் பொதிக்கு மேல் ஒரு காலும் கீழ் ஒரு காலுமாக, சாயங்காலம் வரைக்கும். பள்ளிக்கூட லீவில் அவருக்குச் சோறு கொண்டுபோவேன், பட்டறைக்குள் நுழைந்ததும் கண் எரியும், வெயில் தகரத்தின் ஓட்டை வழியாக நீளநீளமாக இறங்கி அந்தப் பாலாய் வெளுத்த தண்ணீரில் ஆடும், தொட்டிக்கு வெளியே வயக்காட்டில் கயிறு கட்டி உலர்த்திய துணி கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளையாகப் பறந்துகொண்டிருக்கும், அதற்குள் ஓடி விளையாடினால் மேஸ்திரி விரட்டுவார். அப்புச்சி தொட்டியை விட்டு ஏறி வந்து கையை எத்தனை கழுவினாலும் உருண்டைச் சோற்றில் அந்த வாசனை ஒட்டியிருக்கும், ஒரு வாய் எனக்கும் உருட்டித் தருவார், நான் மூச்சை அடக்கிக்கொண்டு விழுங்குவேன்.

அவர் கால் நகங்கள் வெளுத்து, விளிம்பு அரித்து, பாதம் முழுக்கப் பாளம் பாளமாக வெடித்திருக்கும். ராத்திரி திண்ணையில் அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு விளக்கெண்ணெயை வெடிப்புக்குள் விட்டுவிட்டுத் தேய்ப்பார், அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் பதில் வராது, ஒரு காலை முடித்துவிட்டு அடுத்த காலைத் தூக்கி மடியில் வைக்கும்போது மட்டும் "ம்" என்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் காலில் தண்ணீர் படக் கூடாது. குளிக்கிறதே கிடையாது, வெள்ளை வேட்டி கட்டி, செருப்புப் போட்டுக்கொண்டு, வாசல் தெளித்திருந்தால் அந்த ஈரம் காயும்வரை திண்ணையை விட்டு இறங்க மாட்டார், அம்மாயி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் தாமதமாகத்தான் வாசல் தெளிப்பாள்.

ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் துணியை வெளுக்க மாதக்கணக்கில் புல்வெளியில் விரித்து வெயில் காட்டி, புளித்த மோரில் ஊறவைத்துக்கொண்டுதான் இருந்தார்கள், 1785-இல் பெர்த்தலே என்கிற பிரெஞ்சுக்காரர் குளோரினால் வெளுக்கலாம் என்று கண்டார், 1799-இல் ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் டெனன்ட் அதைச் சுண்ணாம்போடு சேர்த்துப் பவுடராக்கிக் காப்புரிமை வாங்கிக்கொண்டார், மாதக்கணக்கு வேலை நாள்கணக்காகச் சுருங்கியது. நம் வண்ணார்களின் உவர்மண்ணும் வெள்ளாவியும் அந்தப் பவுடர் மூட்டைக்கு முன்னால் நிற்க முடியவில்லை. டெனன்ட் பெரிய முதலாளியானார். அவர் பவுடரை மிதித்த எங்கள் அப்புச்சிக்குக் கடைசிக் காலத்தில் இருமல் மிஞ்சியது, பீடியால் வந்தது என்று டாக்டர் சொன்னார், அப்புச்சி பீடியைக் கையால் தொட்டதில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றபோது சங்கு ஊதினார்கள். அலை வரப்போகிறது என்பதற்கு அடையாளம், ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் பெரிய விசிறிகள் அறைகளுக்குள் காற்றை அடித்து இறக்க, அந்த அழுத்தத்தில் தண்ணீர் கீழே அமுங்கி இந்தப் பக்கம் அலையாக எழும்புகிறது, அவ்வளவுதான் விஷயம், ஆனால் சங்குச் சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் ஒரே குரலாக ஓவென்று கத்தினார்களே, அது மெஷின் செய்கிற காரியமில்லை. என் இரண்டு பக்கத்திலும் யார் யாரோ என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள், முதல் அலை இடுப்புக்கு வந்தது, இரண்டாவது அலையில் ஒரு அம்மாளின் கொண்டையில் இருந்த கிளிப் என் நெஞ்சில் குத்தியது, மூன்றாவது அலையை நான் பார்க்கவில்லை, கரையேறிவிட்டேன். பத்து நிமிடத்தில் விசிறியை நிறுத்திவிட்டார்கள், தண்ணீர் ஒரு பெரிய சட்டியில் கிடப்பதுபோலக் கிடந்தது, அதற்குள் ஜனம் அடுத்த சங்குக்காக நின்றுகொண்டேயிருந்தது, யாரும் நீந்தவில்லை, நீந்த இடமும் இல்லை, கொஞ்சம் கை வீசினாலும் காவலுக்கு நின்ற பையன் விசில் அடித்தான்.

குளத்தை ஒட்டிக் கூரை போட்ட இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன, அதில் அநேகமாக எல்லாவற்றிலும் வயசான பெண்கள், ஒவ்வொருத்தர் காலடியிலும் பைகள், துண்டுகள், தண்ணீர் பாட்டில், மடியில் கண்ணாடிகளும் செல்போன்களும், ஒருத்தி கையில் யாருடைய பல்செட்டோ கைக்குட்டையில் சுற்றி இருந்தது. காலியாக இருந்த ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலிப் பாட்டி, சேலைத் தலைப்பால் முகத்தை விசிறிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நீங்க யாரு பைக்குக் காவலு?" என்றார்.

"என்ற பைக்குத்தானுங்க."

"தனியாவா வந்தீங்கொ?" என்றவர், அதற்குமேல் ஒன்றும் கேட்காமல், பையைத் துழாவி இரண்டு நெல்லிக்காய் எடுத்துக் கொடுத்தார், வாசல் சோதனைக்குத் தப்பி உள்ளே வந்த நெல்லிக்காய். அவருக்கும் முழு டிக்கெட்தானாம், தண்ணீரில் கால் வைக்கவில்லை, வைக்கிற உத்தேசமும் இல்லை. "எங்களுக்கெல்லாம் பாக்கறதுக்குத் தனி ரேட்டுப் போட்டா என்னங்கறேன்" என்றார். அதுதான் கேட்க வேண்டிய கேள்வி என்று எனக்கும் பட்டது.

எங்கள் அம்மாயி வாழ்நாளில் ஒரு தடவைகூட ராட்டாந்தூரி ஏறியதில்லை, ஆனால் அவிநாசித் தேருக்குப் போகாத வருசம் கிடையாது. சித்திரை வெயிலில், விடிவதற்கு முன்னால் எழுந்து புளிச்சோறு கிளறி, வாழையிலையில் பொட்டலம் கட்டி, கூடையில் அடுக்கி, எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு பூண்டியிலிருந்து நடந்தே போவாள், வழியில் கூப்பிடு விநாயகரைக் கும்பிடாமல் தாண்டக் கூடாது, பொன்னைப் பறிகொடுத்துவிட்டு நின்ற சுந்தரரைக் கூப்பிட்டு, அதோ பூண்டியில் இருக்கிறது உன் மூட்டை என்று காட்டிக்கொடுத்த பிள்ளையார் அவர், காணாமல் போன சாமான் கிடைக்க வேண்டுமென்று எங்கள் வீட்டில் அவருக்குத்தான் தேங்காய். அவிநாசி எட்டும்போது கூட்டம் தேர்வடத்தைப் பிடித்திருக்கும், அந்தத் தேர் லேசில் நகராது, கொங்கு நாட்டின் பெரிய தேர்களில் ஒன்று, சக்கரத்துக்கு அடியில் சன்னக்கட்டை போடுகிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி வெளியே ஓடி அதைத் திருப்புவார்கள், ஒரு முடுக்குத் திரும்பினால் ஓவென்று ஒரு சத்தம் எழும்பும், நான் அலைக்குளத்தில் கேட்ட அதே ஓ, ஆனால் அதில் கையில் வடம் உராய்ந்து எரிகிற வலியும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். தேர் நின்றுவிட்டால் மோர்ப்பந்தல், பானகம், பனையோலை விசிறி, உடைத்த தேங்காயும் கசங்கிய மல்லிகையும் மாட்டுச் சாணமும் மிதிபட்ட மண்ணும் சேர்ந்த ஒரு வாசனை, ஜனத்தின் வேர்வைகூட அங்கே தனியாகத் தெரியாது.

தேரைக் கும்பிட்டுவிட்டால் அம்மாயிக்கு அடுத்த வேலை ராட்டாந்தூரிக்கு எதிரே போய் உட்காருவது. மரத்தாலான நாலு பெட்டி, கரண்டு கிடையாது, மோட்டார் கிடையாது, இரண்டு ஆட்கள் மேலே தாவி ஏறிக் காலால் உந்தி, கையால் இழுத்துச் சுற்றிவிடுவார்கள், பெட்டி மேலே போகும்போது அச்சு கிறீச்சிடும், பெரிய சாதிகள் சின்னச் சாதிகள் என்று எல்லோருடைய பிள்ளைகளும் அதில்தான் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். இந்தச் சக்கரம் நாம் நினைப்பதைவிடப் பழையது, சிகாகோ கண்காட்சியில் 1893-இல் ஃபெர்ரிஸ் என்கிற எஞ்சினியர் 264 அடி உயரத்தில் இரும்பால் நிறுத்தியதும் அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது, ஆனால் பீட்டர் மண்டி என்கிற ஆங்கிலேய யாத்திரிகர் 1620-லேயே இன்றைய பல்கேரியாவில் ஆட்கள் கையால் சுற்றும் மரச்சக்கரத்தில் ஜனங்கள் ஏறிச் சுற்றுவதைப் பார்த்துப் படம் போட்டு எழுதி வைத்திருக்கிறார், பின்னால் அவர் இந்தியாவுக்கும் வந்தார். அம்மாயிக்கு மண்டியும் தெரியாது ஃபெர்ரிஸும் தெரியாது, அவள் எங்கள் எல்லோருடைய செருப்பையும் முந்தானைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பெட்டி கீழே வரும்போதெல்லாம் எங்கள் தலையை எண்ணிக்கொண்டிருப்பாள். "நீயும் ஏறு அம்மாயி" என்றால், "ஏறுனாத்தானா சாமி, பாத்தாப் பத்தாதா" என்பாள். அந்தப் பார்வைக்கு யாரும் காசு கேட்டதில்லை. இருட்டு விழுந்து, பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சுற்றிப் பூச்சி மொய்க்கத் தொடங்கும்வரை உட்கார்ந்திருப்பாள், வீட்டுக்கு வந்து அப்புச்சியிடம் யார் எந்தப் பெட்டியில் ஏறினார்கள், யார் வாந்தி எடுத்தார்கள், எந்த மருமகள் புருசன் கையைப் பிடித்துக்கொண்டாள் என்று வரிசையாக ஒப்பிப்பாள், அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே "ம்" போடுவார்.

பிறகு இரும்பு ராட்டினங்கள் வந்தன, கோவையில் வ.உ.சி. மைதானத்துப் பொருட்காட்சி வந்தது, பம்பாயில் 1989-இல் எஸ்ஸெல் வேர்ல்டு திறந்ததைப் பத்திரிகையில் படித்தோம், தொண்ணூறுகளில் சென்னைக்குப் பக்கத்தில் கிஷ்கிந்தா, அதைக் கட்டியவர் 'மைடியர் குட்டிச்சாத்தான்' என்று இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன், எங்கள் பக்கத்துக்கு மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்து பிளாக் தண்டர், 2000-இல் கொச்சியில் வீகாலேண்ட், பின்னால் அதுவே வொண்டர்லா. ஏற்றுமதி நன்றாக ஓடிய அந்தக் காலத்தில் திருப்பூர்க் கம்பெனிகள் பஸ் பிடித்து டெய்லர், செக்கிங், பேக்கிங் என்று எல்லோரையும் மொத்தமாக ஏற்றிக்கொண்டு போகும், ராத்திரி ஷிப்ட் முடித்த கையோடு ஏறிப் பஸ்ஸில் தூங்கி, காலையில் தண்ணீரில் விழுந்து, மறுபடி பஸ்ஸில் தூங்கித் திங்கட்கிழமை மெஷினில் உட்கார்ந்தவர்கள் உண்டு. அதே காலத்தில்தான் நொய்யலில் சாயத் தண்ணீர் நிறம் நிறமாகப் போனது, 1992-இல் பாசனத்துக்கென்று திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகி, கீழ்ப்பகுதி விவசாயிகள் தயவுசெய்து தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கேட்கிற நிலைமை வந்தது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளையெல்லாம் மூடச் சொன்னது. அந்த மாதங்களில் ஊரில் ஒரு வாசனையும் இல்லை. பட்டறைப் பக்கம் போனால் மூக்கு எதையோ தேடும். ஆற்றை அழுக்காக்கியது நாம்தான் என்று தெரிந்தவர்களுக்கும் அந்த வெறிச்சோடல் கஷ்டமாகத்தான் இருந்தது, சம்பளம் நின்றுபோனவர்களிடம் ஆற்றைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

நெல்லிக்காயைக் கடித்துத் தண்ணீர் குடித்தேன், இனித்தது. பாட்டியின் பேரன்கள் வந்து அவரை இழுத்துக்கொண்டு மழை நடனம் பார்க்கப் போனார்கள், நானும் எழுந்தேன், கட்டின காசுக்கு ஒரு சறுக்கலிலாவது ஏறாமல் போனால் வீட்டில் கேள்வி வரும். படிக்கட்டில் வரிசை, இரும்புக் கம்பி கையில் சுட்டது, ஈரக்கால்களின் தடம் மேலே ஏறுவதற்குள் காய்ந்துகொண்டிருந்தது, உச்சிக்குப் போனபோது டியூபைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள், "சிங்கிளா சார்? ரெண்டு பேர் உக்காரணும்" என்று சொல்லிவிட்டு, பின்னால் ஒற்றைப்படையாக மிஞ்சிய ஒரு கூட்டத்திலிருந்து ஒரு பையனை இழுத்து என் முன்னால் உட்கார வைத்தான். உட்கார்ந்த பையன் திரும்பி, "அண்ணா, எந்த ஊரு?" என்றான். சொன்னேன். "பூண்டியா? நான் அம்மாபாளையம்ணா! எந்தக் கம்பெனி?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே தள்ளிவிட்டார்கள், பதில் பாதி குழாய்க்குள் போனது, இருட்டு, திருப்பம், காதில் தண்ணீர், எங்கேயோ அவன் "அய்யய்யோ" என்று சுத்தமான திருப்பூர்த் தமிழில் கத்துவது கேட்டது, வெளிச்சத்தில் போய் விழுந்தோம். அவன் ஒடிசாக்காரன், வந்து சில வருசம் ஆகிறது, பிளாட்லாக் ஓட்டுகிறான், பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு சினேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு கிளம்பி வந்திருக்கிறான்.

"ஊர்ல எங்க வீட்டுக்குப் பின்னாடியே பெரிய குளம்ணா, இந்தக் கரையில குதிச்சா அந்தக் கரை போயிடுவேன்" என்றான், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "இங்க நீச்சல் அடிச்சா விசில் ஊதறான். இவ்ளோ காசு, இவ்ளோ தண்ணி, நீச்சல் மட்டும் கூடாதாம்." இங்கே வந்தபின் அவன் ஒரு தடவைகூட நீந்தவில்லையாம், நல்லாறு பக்கம் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டானாம்.

நான் நீந்தப் படித்தது சேவூர்ப் பக்கம் மாமன் தோட்டத்துக் கிணற்றில். கொங்குக் கிணறுகள் சதுரமாக, வீட்டை இறக்கி வைக்கும் அளவுக்கு அகலமாக இருக்கும், மேலே கல் கட்டு, கீழே பாறை, ஒரு மூலையில் இறங்கும் படி, வாரியில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகள், அந்தப் பக்கம் ஆயில் எஞ்சின் புகை ஏறிக் கறுத்த சுவர். மாமன் காய்ந்த சுரைப்புருடையை முதுகில் கட்டி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் மேலேயிருந்து தள்ளிவிடுவார், தண்ணீரின் மேல்தட்டு சுடும், ஒரு ஆள் ஆழம் போனால் எலும்பு வரைக்கும் குளிரும், பாசியும் ஈரப்பாறையும் புறா எச்சமும் கலந்த வாசனை மூக்கு வழியாகவே உள்ளே போகும், தலையை வெளியே நீட்டினால் மேலே சதுரமாக வெட்டி வைத்த வானம், அதன் விளிம்பில் வெள்ளை வேட்டியோடு அப்புச்சி. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் அங்கேதான் இருப்பார், காலை உள்ளே தொங்கவிட மாட்டார், சம்மணமிட்டு உட்கார்ந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே, "கைய நீட்டிப் போடு, கால ஒதறாத, மூச்ச உட்டுட்டு இழு" என்று ஒருத்தன் விடாமல் சொல்லிக்கொடுப்பார். அவருக்கு நீச்சல் அவ்வளவு நுணுக்கமாக எப்படித் தெரிந்தது என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஒரு காலத்தில் அவரும் இதே பாறையிலிருந்து குதித்திருக்க வேண்டும், தொட்டிக்குள் இறங்குவதற்கு முன்னால்.

அந்தக் கிணறு இருபது வருசத்துக்கு மேல் வறண்டு கிடந்தது, சுற்றிலும் ஆயிரம் அடிக்குமேல் போர் போட்டார்கள், கிணற்றுக்குள் வேலிக்கருவை முளைத்தது. அத்திக்கடவு என்று தாத்தா காலத்திலிருந்து பேசிக்கொண்டிருந்த திட்டம் 2024 ஆகஸ்டில்தான் ஓடத் தொடங்கியது, காலிங்கராயன் அணைக்கட்டுப் பக்கமிருந்து பவானியின் உபரித் தண்ணீரைக் குழாயில் ஏற்றிக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குத் தருகிறார்கள், எல்லா இடத்திலும் நிறைகிறதா என்று கேட்டால் ஊருக்கு ஊர் வேறு பதில் வரும், ஆனால் மாமன் ஊர்க் குட்டையில் தண்ணீர் நின்றபின் கிணற்றுப் பாறையில் கசிவு பிடித்திருக்கிறது என்று மாமன் மகன் பொங்கலுக்கே சொன்னான், வேலிக்கருவையை வெட்டியாகிவிட்டது, மீன்குட்டி விட்டிருக்கிறேன் என்றும் சொன்னான். எனக்கு அப்போது போய்ப் பார்க்க வேண்டுமென்று தோன்றவில்லை, பார்த்தால் பழைய கிணறாக இருக்காது என்று ஒரு சலிப்பு, வயசானவர்களுக்கு அது சுலபமாக வந்துவிடுகிறது.

வாசலில் டோக்கனைக் கொடுத்துக் கட்டுச்சோற்றை வாங்கினேன், புளிச்சோறு வெயிலுக்குக் கெடாது. அந்தப் பையன்களும் அதே பஸ்ஸில் ஏறினார்கள், நின்றுகொண்டே வந்தோம், நீலாம்பூர் தாண்டி இடம் கிடைத்ததும் பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன், ஆளுக்கு ஒரு கை எடுத்தார்கள், கருமத்தம்பட்டிக்குள் வாழையிலைதான் மிச்சம். கிணற்றைப் பற்றிச் சொன்னேன். எவ்வளவு ஆழம் என்றான், மேலேயிருந்து குதிக்கலாமா என்றான், யாரும் விசில் ஊத மாட்டார்களே என்றான், பிறகு சினேகிதர்களிடம் ஒடியாவில் வேகவேகமாக ஏதோ சொல்ல அவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு ஷிப்மென்ட் இருக்கிறது, டூட்டி, அதற்கடுத்தது வரலாம் என்று முடிவாயிற்று.

அவிநாசியில் பஸ் நின்றிருந்தபோதே மாமன் மகனைப் போனில் பிடித்தேன். எத்தனை பேர் என்று கேட்டான், நீச்சல் தெரியுமா என்று கேட்டான், தெரியாதவனுக்கு லாரி டியூப் கிடக்கிறது என்றான். "ஆனா மாப்ள, வெடியால நேரமே வரச் சொல்லு, ஒம்பது மணிக்கு த்ரீ பேஸ் வந்துரும், மோட்டாரப் போட்டன்னா தண்ணி எறங்கீரும், அதுக்குள்ள குதிக்கறது குதிச்சுக்கட்டும்."